விலை என்னும் வினாவும் விருது பெற்ற விடைகளும்



மாலை நேரத்தில் எங்கள் செய்யாற்றுப் பேருந்து நிலையத்தின் அருகே பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையாரைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். நான்கு மணிக்கு முழம் முப்பது ரூபாய் என்று உறுதியாகச் சொல்வார். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏழு மணிக்கு அதே மல்லிகை இருபது ரூபாய். இரவு கடைசிப் பேருந்து புறப்படும் வேளையில் பத்து ரூபாய்க்கே முழம் கொடுத்து, மேலும் ஒரு சாண் கிள்ளிப் போடுவார். முகூர்த்த நாளாக இருந்தால் கதையே வேறு. காலையில் குறைந்த விலைக்குக் கேட்பவர் எத்தனை பேர் வந்தாலும், கூடையில் ஒரு பகுதியைத் துணியால் மூடி வைத்துக்கொள்வார். மாலையில் திருமண வீட்டார் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த அம்மையார் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் ஓயாமல் தராசு பிடிக்கின்றன. இப்போதே மலிவாக விற்றுவிட்டால், பின்னர் அதிக விலை கொடுப்பவர் வந்து ஏமாந்து திரும்புவாரே என்பது ஒன்று. அவருக்காக வைத்திருந்து, அவர் வராமற்போனால் பூ வாடிவிடுமே என்பது மற்றொன்று. இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே சரியான இடம் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் கல்விக்குத்தான் இக்காலத்தில் விலை நிர்ணய இயல் என்றும் வருவாய் மேலாண்மை என்றும் பெயர். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் அது பாடமாக இருக்கிறது. அதில் சிறந்த ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பரிசுகளும் விருதுகளும் வழங்கப்படுகின்றன. அந்த ஆராய்ச்சிகள் யாவை, அவற்றால் யாருக்கு நன்மை என்பதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இக்கல்வி பிறந்த இடம் பூக்கடை அன்று, விமான நிலையம். விமானத்தின் இருக்கையும் மல்லிகையைப் போன்றதே. விமானம் தரையை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில் காலியாக உள்ள இருக்கை வாடிப்போன பூவாகிவிடுகிறது. நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென்னத் லிட்டில்வுட் என்பவர் 1972-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விதியை எழுதினார். இன்றும் அது லிட்டில்வுட் விதி என்றே வழங்குகிறது. எளிமையில் அதற்கு நிகர் சொல்வது அரிது. பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் அது விளங்கும். எங்கள் பகுதியின் பட்டுச் சேலையைக் கொண்டே விளக்குகிறேன்.

ஒரு கடைக்காரரிடம் ஒரே மாதிரியான பட்டுச் சேலைகள் சில இருக்கின்றன. ஆடி மாதத் தள்ளுபடியில் ஒரு சேலை 6,000 ரூபாய்க்கு விற்கும். ஆவணியில் திருமண வீட்டார் வந்தால் அதே சேலை 10,000 ரூபாய்க்குப் போகும். ஆவணியும் கடந்தால் அந்த வண்ணம் பழையதாகி, வாங்குவார் இல்லை என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஆடியில் எத்தனை சேலைகளை விற்காமல் எடுத்து வைக்கலாம்? பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். கடந்த பத்து ஆவணிகளில் எட்டுச் சேலைகளுக்குக் குறையாமல் விற்ற ஆண்டுகள் ஏழு. ஒன்பதிற்குக் குறையாமல் விற்ற ஆண்டுகள் ஐந்து. எட்டாவது சேலையை எடுத்து வைத்தால் அவர் எதிர்பார்க்கக்கூடிய வருவாய், 10,000-ஐப் பத்தில் ஏழால் பெருக்க வரும் 7,000 ரூபாய். இது கையில் உள்ள 6,000-ஐவிட மிகுதி. ஆகவே எடுத்து வைக்கலாம். ஒன்பதாவது சேலைக்கு அதே கணக்கில் 5,000 ரூபாய்தான் வரும். இது 6,000-ஐவிடக் குறைவு. ஆகவே ஒன்பதாவது சேலையை ஆடியிலேயே விற்றுவிடுவது நன்று. எட்டுச் சேலைகளை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைத் தள்ளுபடியில் விற்க வேண்டும். லிட்டில்வுட் விதி என்பது இவ்வளவே. பூக்காரம்மாள் துணியால் மூடி வைத்த பகுதிக்கு அவர் அளவு கண்டு சொன்னார். நீங்கள் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவு வெறும் பகடைக்காயும் சீட்டுக்கட்டும் அன்று என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளுங்கள்.

விதை சிறிதாயினும் மரம் பெரிதாக வளர்ந்தது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின்மீது வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனம் 1981-இல் தோன்றி, மிகக் குறைந்த கட்டணத்தில் மக்களை ஏற்றிச் சென்றது. பழைய நிறுவனங்கள் திகைத்தன. எல்லா இருக்கைகளுக்கும் கட்டணத்தைக் குறைத்தால் நட்டம். குறைக்காவிட்டால் பயணிகள் போய்விடுவர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1985-இல் ஒரு வழி கண்டது. முன்னதாகவே சீட்டு வாங்குவோருக்குச் சில இருக்கைகளை மட்டும் மிக மலிவாகக் கொடுத்தது. கடைசி நாளில் வரும் வணிகப் பயணிகளுக்கென்று மற்றவற்றைக் காத்து வைத்தது. எத்தனை இருக்கைகள் மலிவு, எத்தனை காப்பு என்பதைக் கணிப்பொறி நாள்தோறும் கணக்கிட்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் இந்தப் போட்டியைத் தாங்க முடியாமல், 1987-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் பெயரையே இழந்தது.

இந்த வழியை வகுத்த பாரி ஸ்மித், ஜான் லைம்குலர், ராஸ் டாரோ முதலியோரின் பணிக்கு 1991-ஆம் ஆண்டின் ஃபிரான்ஸ் எடல்மன் விருது கிடைத்தது. கணிதத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து பெரும்பயன் விளைவித்தவர்களுக்கு அளிக்கப்படும் விருது அது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி டாலர் நன்மை விளைந்ததாக அவர்கள் கணக்குக் காட்டினார்கள்.

நடைமுறைக்கு ஒரு விருது இருப்பதுபோல, நூலுக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் வேறொரு விருது உண்டு. லான்செஸ்டர் பரிசு என்பது அதன் பெயர். பொறியியல் அறிஞர் லான்செஸ்டரின் நினைவாக 1954-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருவது. கல்யாண் தல்லூரி என்ற இந்தியப் பெயருடைய அறிஞரும் காரெட் வான் ரைசின் என்பவரும் சேர்ந்து, வருவாய் மேலாண்மையின் கொள்கையையும் நடைமுறையையும் விளக்கும் பெருநூல் ஒன்றை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு 2005-ஆம் ஆண்டின் லான்செஸ்டர் பரிசு கிடைத்தது. விமான நிறுவனங்களிலும் விடுதிகளிலும் சிதறிக் கிடந்த அனுபவங்களைத் திரட்டி, ஒரு சாஸ்திரமாக ஒழுங்குபடுத்தியது அந்நூலின் சிறப்பு. இவ்விரண்டு விருதுகளையும் இன்று வழங்குவது இன்ஃபார்ம்ஸ் என்ற அமெரிக்கச் சங்கம். விலை நிர்ணயத்திற்கும் வருவாய் மேலாண்மைக்கும் அச்சங்கத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அப்பிரிவும் சிறந்த ஆராய்ச்சிக்குத் தனிப் பரிசு அளித்து வருகிறது.

ஒரு பொருளுக்கு மக்கள் எவ்வளவு கொடுக்க மனம் கொள்வார்கள் என்பதை எப்படி அறிவது? நேரே கேட்டால் குறைத்தே சொல்வார்கள். அது மனித இயல்பு. இதற்கு 1970-களில் ஒரு வழி வகுக்கப்பட்டது. அதை வளர்த்தவர்களுள் ஒருவர் வெ. சீனிவாசன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஆலன் ஷாக்கர் என்பவருடன் சேர்ந்து அவர் 1973-இல் வெளியிட்ட முறை அத்துறையில் புகழ்பெற்றது.

அதன் கருத்தை மறுபடியும் சேலையைக் கொண்டே சொல்லலாம். அகலக் கரையும் நெருக்கமான சரிகையும் உடைய சேலை ஒன்று, விலை 12,000. குறுங்கரையும் மெல்லிய சரிகையும் உடையது மற்றொன்று, விலை 8,000. இவற்றுள் எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பிறகு கரையை மாற்றி, விலையை மாற்றி, இன்னொரு இணையைக் காட்டுங்கள். இப்படிப் பல இணைகளை வைத்து விருப்ப வரிசையை வாங்கிவிட்டால், அகலக் கரைக்கு அவர் உள்ளத்தில் எவ்வளவு மதிப்பு, சரிகைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணிதம் பிரித்துக் காட்டிவிடும். வாங்குபவர் தம் வாயால் விலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி, இத்துறையின் உயர்ந்த சிகரத்திற்கு வருவோம். வில்லியம் விக்ரி என்பவர் நியூயார்க்கில் வாழ்ந்த பொருளியல் பேராசிரியர். 1950-களின் தொடக்கத்திலேயே அந்நகரத்துச் சுரங்க ரயிலுக்கு அவர் ஒரு யோசனை சொன்னார். நெரிசல் மிகுந்த வேளையில் கட்டணம் அதிகமாகவும், கூட்டமில்லாத வேளையில் குறைவாகவும் இருக்கட்டும். வேளையை மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள் மாற்றிக்கொள்வார்கள். நெரிசலும் குறையும் என்றார். நகர ஆட்சியினர் அதை ஏற்கவில்லை. ஆனால் நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூர் 1975-ஆம் ஆண்டில், காலை நெரிசலில் நகர நடுவே நுழையும் மோட்டார் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. 1998-இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. விக்ரி, ஏல முறைகளைப் பற்றி 1961-இல் எழுதிய கட்டுரையும் பெரும்புகழ் பெற்றது. 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் அவருக்கும் ஜேம்ஸ் மிர்லீஸ் என்பவருக்கும் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 11-ஆம் நாள் விக்ரி காலமானார். பரிசைக் கையில் வாங்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் விதைத்த ஏலக் கொள்கையை வளர்த்த பால் மில்கிரம், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் 2020-ஆம் ஆண்டில் அதே பரிசைப் பெற்றார்கள்.

மாணவச் செல்வங்களே! இதுவரை கூறியதைக் கேட்டு, இது வருவாயைப் பெருக்கும் சாமர்த்தியம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. இதில் அறம் பற்றிய ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதை நான் நூலில் படித்து அறியவில்லை, பயணத்தில் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார் வடநாட்டில் நோயுற்று மிகவும் மோசமாக இருப்பதாகச் செய்தி வந்தது. மறுநாளே விமானத்தில் புறப்பட்டேன். பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர். சுற்றுலாவிற்காக இரண்டு மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்கியிருந்தார். பேச்சுவாக்கில் அவர் கொடுத்த கட்டணத்தைச் சொன்னார். நான் கொடுத்தது அதைப் போல் மூன்று மடங்கு. இருவருக்கும் ஒரே இருக்கை, ஒரே வானம், ஒரே குவளைத் தண்ணீர். அவருக்கு அவசரமில்லை, எனக்கு அவசரம். என் அவசரத்திற்குத்தான் அந்த மூன்று மடங்கு என்பது அப்போது விளங்கிற்று.

லிட்டில்வுட் விதியின்படி அந்தக் கணக்கில் பிழை இல்லை. எனக்காக அந்த இருக்கையைக் காத்து வைத்திராவிட்டால் நான் போயிருக்கவே முடியாது என்பதும் உண்மை. என் தமக்கையின் முகத்தை உயிரோடு கண்டேன் என்பதையும் நான் மறைக்கலாகாது. ஆயினும் வணிகத்திற்காக விரைபவரையும் மரணப் படுக்கைக்கு விரைபவரையும் அந்தக் கணக்கு வேறுபடுத்தி அறியவில்லை.

நம் நாட்டு ரயில்வேயிலும் இந்த வினா எழுந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஒரு புதிய முறை வந்தது. ஒவ்வொரு பத்து விழுக்காடு இடம் நிரம்பும்போதும், ஒரு வரம்பு வரை, அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும். வருவாய் கூடிற்று, ஆனால் பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சுட்டிக்காட்டியது. பின்னர் அம்முறையில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. பொதுமக்களுக்கு உரிமையான ஒரு பணியில், வருவாய் ஒன்றே வெற்றிக்கு அளவுகோல் ஆகுமா என்பதை நீங்கள் உங்கள் வகுப்பில் விவாதித்துப் பார்க்கலாம்.

ஆளுக்கு ஒரு விலை என்பதே தீமையா? அன்று. அதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை மருத்துவத்தைப் பயின்று தேர்ந்தவர். அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கட்டணம் கொடுப்போரும் உண்டு. மிகக் குறைவாகக் கொடுப்போரும் உண்டு. ஒன்றுமே கொடாதோரும் உண்டு. எந்த வகையில் சேர்வது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று யாரும் கேட்பதில்லை. கட்டணம் கொடுப்பவருக்குத் தனி அறை போன்ற வசதிகள் கிடைக்கின்றன. ஆனால் கண்ணுக்குச் செய்யும் மருத்துவத்தில் தரம் ஒன்றே. 1992-இல் தங்கள் ஆரோலேப் என்னும் நிலையத்தில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளையும் தாங்களே செய்யத் தொடங்கி, அவற்றின் விலையைப் பெரிதும் குறைத்தார்கள். கொடுப்பவரின் பணத்தைக் கொண்டே கொடாதவருக்கும் பார்வை கிடைக்கிறது. நிறுவனமும் நட்டமின்றி நடக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-ஆம் ஆண்டில் இதை ஒரு பாடமாக எழுதினார். உலகெங்கும் வாணிப மேலாண்மை மாணவர்கள் மதுரையைப் பற்றிப் படிக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டில் ஹில்டன் மனிதநேயப் பரிசு அம்மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விமானத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வெவ்வேறு கட்டணம் கொடுக்கிறார்கள். ஒருவர் மனம் புழுங்குகிறது. மதுரையில் இருவர் ஒரே மருத்துவரிடம் வெவ்வேறு கட்டணத்தில் பார்வை பெறுகிறார்கள். ஒருவர் மனமும் புழுங்குவதில்லை. ஏன்? விமானத்தில் விலை, மனிதனின் அவசரத்தைப் பார்த்து ஏறுகிறது. மதுரையில் விலை, மனிதனின் இயல்வைப் பார்த்து இறங்குகிறது. இறங்கும் படியை அவனே தேர்ந்துகொள்கிறான். கணக்கு ஒரே இனத்தைச் சேர்ந்ததுதான், நோக்கம் வேறு. வள்ளுவர் வாணிகருக்குரிய அறத்தை நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் வைத்ததன் பொருளை இங்கே நாம் சிந்திக்கலாம்.

முடிக்கும் முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கத்தில் தறி நெய்யும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். இந்தப் பேச்சைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “விலை சொல்வதற்கும் ஒரு படிப்பா, ஐயா? முப்பது ஆண்டுகளாக நெய்கிறேன். என் சேலைக்கு நான் ஒருநாளும் விலை சொன்னதில்லையே!” என்றார்.

அவர் கூறியது உண்மை. பட்டும் சரிகையும் வேறொருவர் கொடுக்கிறார். இவர் பாவு பிணைத்து நெய்து, கூலி பெறுகிறார். ஆடியில் 6,000-க்கு விற்றாலும் ஆவணியில் 10,000-க்கு விற்றாலும் அவருடைய கூலி ஒன்றே. விற்பனைக் கணக்குப் புத்தகம் அவர் கண்ணில் படுவதே இல்லை. லிட்டில்வுட் விதிக்கு உயிர்நாடி அந்தப் பழைய கணக்குத்தான் என்பதை முன்னரே பார்த்தோம். கணக்கு யாரிடம் இருக்கிறதோ, விலை சொல்லும் வலிமையும் அவரிடமே இருக்கிறது.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் இந்தப் பழக்கம் ஆசிரியனை விட்டுப் போவதில்லை! நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ, சிறு கடையோ, பூ விற்கும் அம்மையாரோ, உங்கள் ஊரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் இசைந்தால், எந்த நாளில், எந்தப் பொருள், எவ்வளவு, என்ன விலைக்கு விற்றது என்று ஓராண்டு குறித்துக் கொடுங்கள். ஆண்டு முடிவில், நான் சொன்ன பெருக்கல் கணக்கை அவர்களோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் நிகழ்தகவுப் பாடமும் போதும்.

விருது பெற்ற அறிஞர்கள் விமானத்திற்கு விடை கண்டார்கள். விடுதிக்கு விடை கண்டார்கள். நகரத்து நெரிசலுக்கும் விடை கண்டார்கள். தன் சேலைக்குத் தானே விலை சொல்ல விரும்பும் தறிக்காரருக்கான விடையை உங்களில் ஒருவர் காண வேண்டும். அதற்கு விருது கிடைக்குமா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் என் பழைய மாணவர் அடுத்த முறை வரும்போது, “இந்தச் சேலைக்கு நான்தான் விலை சொன்னேன், ஐயா” என்று கூறுவாராயின், அந்தச் சொல்லைக் காட்டிலும் பெரிய பரிசு வேறு இல்லை.